நானா, அவளா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு ஒன்பது வயதில் அம்மா தீக்காயத்தில் இறந்தார். ஆஸ்பத்திரியில் யார் கேட்டாலும் ஸ்டவ் வெடித்தது என்று சொல்லச் சொன்னார் பாட்டி. போலீஸ் கேட்டபோதும் அதையே சொன்னேன். அப்பா குடித்துவிட்டு அம்மாவை அடிப்பார். அன்று சமையலறையில் என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்பா இப்போது இல்லை, அண்ணன் இருக்கிறார். இதை எழுத நினைக்கிறேன். நாவலாக எழுதிவிடு, யாருக்கும் சங்கடம் இல்லை என்கிறார் கணவர். எனக்கு அது மறுபடியும் பொய் சொல்வதுபோல இருக்கிறது.

ர.

அன்புள்ள ர.,

நான்கு பக்கக் கடிதத்தைச் சுருக்கி, உங்களை அடையாளம் காட்டக்கூடியதை எடுத்துவிட்டேன்.

பெயரை மாற்றினால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். சொந்தக்காரர்கள் இரண்டாவது பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். எழுத்தாளர் பாமா தன் வாழ்க்கையையும் ஊரையும் சொன்ன 'கருக்கு' நூலைப் புனைபெயரில்தான் எழுதினார். 1992-ல் அது வந்ததும் ஊர்க்காரர்கள் கோபப்பட்டார்கள், சில மாதங்கள் அவரால் ஊருக்குள் போக முடியவில்லை. ஒளிந்துகொள்ள இடம் வேண்டும் என்பதற்காக நாவலைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

ஆனால் நாவல் பொய் என்பதையும் நான் ஏற்கவில்லை. ஹங்கேரி எழுத்தாளர் இம்ரே கெர்தேஸ் 1944-ல், 14 வயதில், நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குக் கொண்டுபோகப்பட்டவர். 1975-ல் வெளியான முதல் நூலை அவர் நாவல் என்றே சொல்லிவந்தார். அதில் பேசும் பையனுக்குத் தன்னைச் சுற்றி என்ன நடக்கிறது என்று முழுதாகத் தெரியாது. ஒவ்வொரு அடியாகத்தான் தெரிந்துகொள்கிறான். உயிரோடு ஊர் திரும்பியவன், முகாமிலும் மகிழ்ச்சி இருந்தது என்கிறான். எல்லாம் தெரிந்துவிட்ட நடுவயதுக்காரர் தன் பெயரில் இதைச் சொல்லியிருந்தால், அந்தப் பையனின் அறியாமை நமக்குக் கிடைத்திருக்காது. அதற்காகத்தான் அவருக்கு நாவல் தேவைப்பட்டது என்று நினைக்கிறேன்.

உங்களுக்கு எது தேவைப்படுகிறது? அடுப்படியில் அந்த நேரத்தில் அம்மா என்ன நினைத்தார் என்ற கேள்விதான் தூங்கவிடாமல் செய்கிறது என்றால் நாவல் எழுதுங்கள். அந்த அறைக்குள் நீங்கள் இல்லை. கற்பனை இல்லாமல் உள்ளே போக வழியும் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அம்மா பேசியதாக அதில் ஒரே ஒரு வார்த்தை இருக்கிறது: "சாப்பிட்டியா?" மற்றதெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தா, தோளில் இருந்த பாட்டியின் கை, நீங்கள் சொன்ன அந்த இரண்டு சொற்கள். ஸ்டவ் வெடித்தது என்ற கதையைப் பெரியவர்கள் கட்டி உங்கள் வாயில் வைத்தார்கள். அதைச் சொன்ன குழந்தையைப் பற்றித்தான் நீங்கள் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதை 'நான்' என்றே எழுதுங்கள்.

என்ன நடந்தது என்று தெரியாது என்றால், தெரியாது என்றே எழுதுங்கள். நாவலில் அந்த வார்த்தையை வாசகர் ஓர் உத்தியாக எடுத்துக்கொள்ளலாம். நீங்களே வந்து சொன்னால் அது வாக்குமூலம். அப்பாவைக் கொலைகாரர் என்றும் எழுத வேண்டாம், இல்லை என்றும் எழுத வேண்டாம்.

சரி, ஒரே மூச்சில் எழுதிவிட நினைக்காதீர்கள். கை நடுங்கினால் மூடி வைத்துவிடுங்கள். எழுதும் நாட்களில் வீட்டில் யாராவது கூட இருக்கட்டும்.

அப்புறம், அச்சுக்குக் கொடுக்கும் முன் அண்ணனைப் படிக்கச் சொல்லுங்கள். அனுமதி கேட்பதற்காகச் சொல்லவில்லை. அவருக்கு அப்போது பதினான்கு வயது என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று இரவு அவர் எங்கே இருந்தார் என்று நான்கு பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை.