நாரை மங்கல், மரம் துல்லியம்

கேள்வி: வேடந்தாங்கலில் பறக்கும் மஞ்சள்மூக்கு நாரையை எடுத்தால், பறவை மங்கிப் பின்னாலுள்ள மரம் துல்லியமாக விழுகிறது. நிக்கான் கேமரா, 70-300 லென்ஸ். விலை கூடிய லென்ஸ் வாங்க வேண்டுமா ஐயா?
– வாசகர், அச்சிறுபாக்கம்

வேண்டாம். காசு உங்களிடமே இருக்கட்டும். கேமரா ஏ.எஃப்-எஸ் முறையில் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அதில் பொத்தானைப் பாதி அழுத்தியதும் ஃபோகஸ் ஒரு தூரத்தில் பூட்டிக்கொள்ளும். நீங்கள் முழுதாக அழுத்துவதற்குள் நாரை அந்தத் தூரத்தைக் கடந்திருக்கும். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு அது போதும். பறப்பதற்கு ஏ.எஃப்-சி என்ற தொடர் ஃபோகஸ் முறை தேவை, கேனன்காரர்கள் ஏ.ஐ. சர்வோ என்பார்கள். பாதி அழுத்தியபடியே பறவையைத் தொடர்ந்தால் லென்ஸும் தூரத்தைத் திருத்திக்கொண்டே வரும்.

அடுத்தது ஃபோகஸ் புள்ளி, அதாவது படத்தில் எந்த இடத்தைப் பார்த்துக் கேமரா ஃபோகஸ் செய்கிறது என்பது. தேர்வை முழுவதும் கேமராவிடம் விட்டுவிட்டால், சின்னப் பறவையை விட்டு, படச்சட்டத்தை நிறைக்கும் கிளைகளைப் பிடித்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். வெறும் வானத்தில் இந்தத் தொல்லை இல்லை. ஏரிக்குள் நிற்கும் மரங்களுக்கு முன்னால் பறவை இறங்கும்போதுதான் வரும். நடுவிலுள்ள ஒன்பது புள்ளிகளின் தொகுப்பைத் தேர்ந்தெடுங்கள். ஒற்றைப் புள்ளி இன்னும் துல்லியம்தான், ஆனால் புதியவர் கையில் பறவை அதிலிருந்து நழுவிக்கொண்டே இருக்கும். மெனுவில் 'லாக்-ஆன்' இருந்தால் கூட்டி வையுங்கள். நடுவே கிளை குறுக்கிட்டாலும் ஃபோகஸ் உடனே அதற்குத் தாவாது.

ஷட்டர் வேகம் 1/1600 நொடிக்குக் குறைய வேண்டாம். இல்லையென்றால் ஃபோகஸ் சரியாக விழுந்தும் சிறகு கலங்கும்; பழியை லென்ஸ் சுமக்கும். கூட்டுக்கு இரை கொண்டுவரும் நாரை பெரும்பாலும் ஒரே வழியாகத்தான் இறங்கும். கரையில் நின்று சற்று நேரம் கேமராவைத் தொடாமல் கவனியுங்கள். வழி பிடிபட்டதும், பறவை தொலைவில் வரும்போதே தொடரத் தொடங்குங்கள். தலைக்கு மேல் வந்தபின் கேமராவைத் தூக்குகிறவர்களைத்தான் அங்கே அதிகம் பார்க்கிறேன்.

கேள்வி: திருமணங்களில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-இல் (துளை அகலத் திறந்த நிலை) வைத்து, கண்ணில் ஃபோகஸைப் பூட்டி, பிறகு சட்டத்தை நகர்த்துகிறேன். காது தெளிவாகவும் கண் மங்கலாகவும் விழுகிறதே?
– வாசகி, திண்டுக்கல்

நகர்த்துவதுதான் காரணம். ஒன்றரை மீட்டர் தூரத்தில், முழுச்சட்ட (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவில், தெளிவாக விழும் ஆழம் மொத்தமே சுமார் பத்து சென்டிமீட்டர். கேமராவைத் திருப்பினால் அந்தத் தெளிவான தளம் முகத்துக்குப் பின்னால் போய்விடுகிறது. முதலில் சட்டத்தை அமைத்துவிட்டுப் புள்ளியைக் கண்மேல் கொண்டுபோங்கள். உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா என்றால் கண்ணைத் தேடும் வேலையை அதனிடமே விடலாம். தாலி கட்டும் நேரத்தில் மட்டும் எஃப் 4 வையுங்கள், துளை சுருங்கித் தெளிவின் ஆழம் கூடும். இரண்டு முகங்களும் ஒரே தூரத்தில் இருக்காது.

கேள்வி: இரவு வானத்தை எடுக்கும்போது ஆட்டோ ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைகிறது. என்ன செய்ய?
– வாசகர், கொடைக்கானல்

அணைத்துவிடுங்கள். முக்காலியில் வைத்து, லைவ் வியூவில் (பின்திரையில் தெரியும் நேரடிக் காட்சி) பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைப் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும்வரை லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைக் கையால் திருப்புங்கள். லென்ஸில் வெகு தொலைவைக் காட்டும் முடிவிலிக் குறியை (∞) நம்ப வேண்டாம். பல லென்ஸ்கள் அதையும் தாண்டித் திரும்பும். பிறகு வளையம் அசையாமல் டேப் ஒட்டுங்கள். உங்கள் ஊரில் இரவு ஏறஏறக் குளிரும், லென்ஸும் சற்று மாறும். அவ்வப்போது டேப்பைப் பிரித்துச் சரிபாருங்கள்.