யூரோவிஷன் வென்ற நாட்டில் வானவில் பேரணிக்குத் தடை ஏன்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐரோப்பிய நாடுகளின் தொலைக்காட்சிகள் சேர்ந்து நடத்தும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியைத் தன்பாலீர்ப்பாளர்களின் திருவிழா என்றே பலரும் சொல்கிறார்கள். மதப்பற்றும் பழைய வழக்கங்களும் ஓங்கிய நாடு ஒன்றில் அந்தப் போட்டி நடந்தால், அங்கேயே பிறந்து வாழும் தன்பாலீர்ப்பாளர்களுக்கு அதனால் ஏதாவது நன்மை உண்டா?
– வாசகி ஒருவர், தஞ்சாவூர்

பதில்: மிகக் குறைவு என்பதே என் கணிப்பு. செர்பியாவின் அனுபவத்தை வைத்தே இதைச் சொல்கிறேன்.

1956-இல் சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் தொடங்கிய இந்தப் போட்டியில் ஒவ்வொரு நாடும் ஒரு பாடலை அனுப்பும். வென்ற நாடு வழக்கமாக அடுத்த ஆண்டுப் போட்டியைத் தன் மண்ணில் நடத்தும். 2007-இல் ஹெல்சின்கியில் நடந்த போட்டியில், தனி நாடாகக் கலந்துகொண்ட முதல் ஆண்டிலேயே செர்பியா 268 புள்ளிகளுடன் வென்றது. மரியா ஷெரிஃபோவிச் என்ற பாடகி, கறுப்புக் கோட்டும் கண்ணாடியும் கத்தரித்த தலைமுடியுமாக நின்று, ‘மொலிட்வா’ என்ற பாடலைத் தன் தாய்மொழியிலேயே பாடினார். உடன் பாடிய பெண்களும் கோட்டு அணிந்தே வந்தார்கள். அவர்களில் ஒருவரும் மரியாவும் கைகோத்தபோது, இருவர் கையிலும் பாதி பாதியாக வரையப்பட்டிருந்த இதயம் ஒன்றாகச் சேர்ந்து முழுமையானது. பாடல் வரிகளில் பெண்ணைப் பெண் காதலிப்பதைப் பற்றி ஒன்றும் இல்லை. இருந்தும், தன்பாலீர்ப்புள்ள பெண்கள் பலர் அந்தக் காட்சியைத் தங்களுக்கானதாகவே எடுத்துக்கொண்டார்கள். மரியா தாமும் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்னதோ 2013-இல்தான். இடையில் அவர் கடும் தேசியவாதக் கட்சியான செர்பியத் தீவிரக் கட்சியின் தேர்தல் மேடையிலும் பாடினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்; மேடைக் காட்சியை வைத்துப் பாடகரின் அரசியலைக் கணித்துவிட முடியாது.

2008 மே மாதம் செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் போட்டி நடந்தபோது நகரம் கொதிநிலையில் இருந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில், செர்பியா தன் பகுதியாகக் கருதும் கொசோவோ விடுதலையை அறிவித்திருந்தது. அந்தக் கோபத்தில், கொசோவோவை ஆதரித்த அமெரிக்காவின் தூதரகத்துக்குத் தீ வைக்கப்பட்டிருந்தது. தன்பாலீர்ப்பாளர்களைப் பொறுத்தவரை பழைய காயமும் ஆறவில்லை. 2001-இல் அவர்கள் அந்நகரில் முதன்முதலாகத் தங்கள் உரிமைக்கான வானவில் பேரணி நடத்த முயன்றபோது, தேசியவாதக் கும்பல்களும் கால்பந்து ரசிகர்களும் அவர்களை வீதியிலேயே அடித்து விரட்டியிருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் ரசிகர்களில் தன்பாலீர்ப்பாளர்கள் ஏராளம் என்பது அரசுக்கும் தெரியும். காவலர்களை நகரெங்கும் நிறுத்தியது. போட்டி அசம்பாவிதமின்றி முடிந்தது.

விருந்தாளிகளுக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு உள்ளூர்க்காரர்களுக்குக் கிடைக்கவில்லை. 2009 செப்டம்பரில் திட்டமிட்ட பேரணிக்கு நகர மையத்தில் பாதுகாப்புத் தர இயலாது என்று அரசே கைவிரித்துவிட்டது. 2010 அக்டோபர் 10-ஆம் தேதி பேரணி நடந்தது. ஆனால் சுமார் ஆயிரம் பேர் நடப்பதற்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட காவலர்கள் வேண்டியிருந்தது. எதிர்ப்பாளர்கள் கல்லும் பெட்ரோல் குண்டும் வீசினார்கள். ஆளுங்கட்சி அலுவலகத்தையும் தாக்கினார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் காவலர்கள். பிறகு 2011, 2012, 2013 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தடை. 2014 செப்டம்பரில்தான் மறுபடி நடந்தது.

அப்படியானால் அங்கு எதுவுமே மாறவில்லையா என்று கேட்பீர்கள். மாறியது, ஆனால் பாட்டினால் அல்ல. 2009 மார்ச்சில் பாகுபாட்டுத் தடைச் சட்டம் நிறைவேறியது. தேவாலயங்களின் எதிர்ப்பால் ஒருமுறை திரும்பப் பெறப்பட்ட மசோதா அது. அதை மீண்டும் நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவர வைத்தவற்றில் முக்கியமானது, செர்பியர்கள் விசா இல்லாமல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் சென்றுவர இத்தகைய சட்டம் தேவை என்ற நிபந்தனை. தன்பாலீர்ப்பாளர்மீது அன்பில்லாதவர்களுக்கும் வியன்னாவில் வேலை பார்க்கும் உறவினரைப் பார்க்கப் போக வேண்டியிருக்கிறது அல்லவா!

2017-இல் அனா பிர்னாபிச் பிரதமரானார். தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்ட ஒருவர் அந்நாட்டின் பிரதமரானது அதுவே முதல் முறை. ஆனால் திருமணம் என்பது ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையிலானது என்ற அரசியலமைப்பு விதி அப்படியே இருக்கிறது. தன்பாலினத் துணைவர்களைப் பதிவுசெய்ய வழிசெய்யும் சட்ட வரைவு 2021-இல் தயாரானபோது, தாம் கையெழுத்திடப் போவதில்லை என்று குடியரசுத் தலைவர் வூசிச் சொல்லிவிட்டார். பிர்னாபிச் பிரதமராக இருந்தபோதே அவருடைய துணைவியார் ஒரு குழந்தைக்குத் தாயானார். பிரதமரை அந்தக் குடும்பத்தின் உறுப்பினராக ஏற்கும் சட்டம்தான் நாட்டில் இருக்கவில்லை.

கேள்வி: தாடியுடன் பெண் உடையில் பாடிய ஆஸ்திரியக் கலைஞர் வென்றபோது ரஷ்யர்கள் கொதித்தெழுந்தார்கள் என்று படித்தேன். அந்த மக்களே அப்படித்தானா?
– வாசகர் ஒருவர், ஈரோடு

பதில்: கொதித்தவர்கள் பெரும்பாலும் அரசியல்வாதிகளும் மதத் தலைவர்களும். மக்களின் வாக்கு வேறு மாதிரி இருந்தது. 2014-இல் கோபன்ஹேகனில் கொன்சிட்டா வூர்ஸ்ட் 290 புள்ளிகளுடன் வென்றார். அன்றைய விதிப்படி ஒவ்வொரு நாட்டின் புள்ளிகளிலும் பாதி தொலைபேசியில் வாக்களித்த பார்வையாளர்களுடையது, பாதி நடுவர் குழுவினுடையது. ரஷ்யப் பார்வையாளர்கள் கொன்சிட்டாவுக்கு மூன்றாம் இடம் கொடுத்தார்கள்! நடுவர்கள் அவரைக் கீழே தள்ளியதால் ரஷ்யா தந்த மொத்தப் புள்ளிகள் ஐந்தாகக் குறைந்தன. அந்நடுவர்கள் இசையை மட்டும் கேட்டுத்தான் மதிப்பிட்டார்களா என்ற ஐயம் எனக்கு உண்டு.

இதை வைத்து ரஷ்ய மக்கள் அனைவரும் தாராள மனத்தினர் என்று சொல்லிவிட முடியாது. தொலைபேசியை எடுத்து வாக்களிக்கிறவர் யூரோவிஷனை விரும்பிப் பார்க்கிறவர். வெறுக்கிறவர் எவரும் காசு செலவழித்து எதிர்வாக்குப் போட முடியாது, அப்படியொரு வசதியே இல்லை. ஆனால், “எங்கள் மக்கள் இதை ஏற்க மாட்டார்கள்” என்று மக்களின் பெயரால் பேசுகிறவர்களிடம் காட்டுவதற்கு இந்த எண்ணிக்கை போதும்.

கேள்வி: ரஷ்யா இப்போது தனியாக ஒரு போட்டி நடத்துகிறதாமே?
– வாசகர் ஒருவர், சேலம்

பதில்: ஆம். முதலில் அதன் பின்னணியைச் சொல்கிறேன். 2009-இல் மாஸ்கோவே யூரோவிஷனை நடத்தியது. இறுதிப் போட்டி நாளான மே 16 அன்று மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் அருகே திரண்ட தன்பாலீர்ப்பாளர் உரிமை ஆர்வலர்களைக் காவலர்கள் பிடித்துச் சென்றார்கள். அன்று இரவு திட்டமிட்டபடி நேரலை நடந்தது. முந்தைய ஆண்டுகளின் பேரணிகளுக்கு மாநகர நிர்வாகம் விதித்த தடைகள் உரிமை மீறல் என்று 2010-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தும் பயனில்லை. 2013-இல், சிறுவர்களிடையே தன்பாலீர்ப்பைப் பரப்புவதாகக் கருதப்படும் பேச்சையும் எழுத்தையும் தடை செய்யும் சட்டம் வந்தது. 2022-இல் உக்ரைன் போரை முன்னிட்டு ரஷ்யா யூரோவிஷனிலிருந்து நீக்கப்பட்டது. 2023 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பால்புதுமையினர் (தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்டோர்) இயக்கம் முழுவதையுமே தீவிரவாதம் என்று அறிவித்தது.

சோவியத் காலத்துப் பெயரைத் தூசு தட்டி, ‘இன்டர்விஷன்’ என்ற போட்டியை 2025 செப்டம்பரில் மாஸ்கோவில் நடத்தினார்கள். மரபுவழி மதிப்பீடுகளைப் போற்றும் மேடை என்று விளம்பரம் செய்தார்கள். இந்தியா உட்பட இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் பாடகர்களை அனுப்பின; வியட்நாம் வென்றது. நம் பாடகர் எந்த விளம்பரத்தின் கீழ் மேடையேறினார் என்பதைப் பற்றி நம் ஊர் நாளேடுகள் கொஞ்சம் விரிவாக எழுதியிருக்கலாம்.