ரெக்ஸ் பெகோனியா: இலையிலிருந்து செடி எடுப்பது பற்றிக் கேள்வி பதில்

கேள்வி (குன்னூர்): அக்கா, இலை அழகுக்காக வளர்க்கிற ரெக்ஸ் பெகோனியாவின் இலையைச் செருகி வைத்தால் வேர் வருவதற்குள் கொழகொழவென்று அழுகிவிடுகிறது. தினமும் தண்ணீர் தெளிக்கத்தான் செய்கிறேன்.

பதில்: அந்தத் தெளிப்பை முதலில் நிறுத்துங்கள். மலையில் நமக்கு ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை, வெதுவெதுப்புக்குத்தான் பஞ்சம். இது அசாம் பக்கத்து ஈரக்காட்டுச் செடி, நிழல் பிடிக்கும், குளிர் பிடிக்காது. 20 டிகிரிக்குக் கீழே போனால் வேர் விடுவது மந்தமாகிவிடும், அதற்குள் பூஞ்சணம் முந்திக்கொள்ளும். தோட்ட மண்ணும் வேண்டாம். ஊறவைத்துப் பிழிந்த தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, கழுவிய மணல் ஒரு பங்கு போதும். கையில் அழுத்தினால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது.

கேள்வி (ஊட்டி): இலையை முழுசாக வைக்கலாமா, வெட்டி வைக்கலாமா?

பதில்: இரண்டும் வரும், ஆனால் நான் வெட்டித்தான் வைப்பேன், ஒரு துண்டு அழுகினாலும் மற்றவை தப்பிக்கும். ரொம்ப முற்றியதும் வேண்டாம், தளிரும் வேண்டாம், நடுத்தரமான இலையாகப் பாருங்கள். இலையைக் கவிழ்த்தால் காம்பிலிருந்து விரல் விரித்த மாதிரி தடித்த நரம்புகள் ஓடுவது தெரியும். ஸ்பிரிட்டில் துடைத்த புது பிளேடால், ஒவ்வொரு துண்டிலும் ஒரு தடித்த நரம்பு வருகிற மாதிரி முக்கோணமாக வெட்டுங்கள். காம்புப் பக்கம் இருந்த கூர்முனைதான் கீழே போக வேண்டும், தலைகீழாகச் செருகினால் வராது. கால்வாசி புதைந்தால் போதும். வேரும் குருத்தும் கிளம்புவது நரம்பு வெட்டுப்பட்ட இடத்தில்தான், அதனால் அந்த இடம் கலவையில் நன்றாகப் படிய வேண்டும். வெயில் நேராகப் படாத, ஆனால் வெளிச்சமான ஜன்னலோரம் வையுங்கள். வேர் பிடிக்க ஒரு மாதம் ஆகும், குட்டிச்செடி தலைகாட்ட இரண்டு மூன்று மாதம். முதல் இலை மிளகு அளவுதான் இருக்கும், சுருண்டு, சிவப்பு ரோமத்தோடு வரும். அப்போது ஆசைப்பட்டுப் பிடுங்கிப் பார்க்காதீர்கள்! இரண்டு மூன்று இலை விட்ட பிறகு தொட்டி மாற்றுங்கள். தாய் இலை தானாகவே காய்ந்துவிடும்.

கேள்வி (ஊட்டி): செருகிய துண்டுகள் காயாமல் மேலே மூடியாகக் கவிழ்க்க பிளாஸ்டிக் (பெட்) பாட்டில் கிடைக்காதே, இங்கே தடையாயிற்றே?

பதில்: தடை இருப்பது நல்லதுதான். பழைய கண்ணாடி ஊறுகாய் பாட்டிலைக் கவிழ்த்து வையுங்கள், காலையில் கொஞ்ச நேரம் தூக்கிவிட்டால் உள்ளே கோர்த்த நீர் ஆறும்.

கேள்வி (கொடைக்கானல்): டிசம்பரில் ஆரம்பிக்கலாமா?

பதில்: வேண்டாம் சார். வடகிழக்குப் பருவமழை, அது முடிந்ததும் உறைபனி, செடியே ஓய்ந்து கிடக்கும் நேரம் அது. மார்ச் கடைசியிலிருந்து மே வரை தோதான காலம். அவசரம் என்றால் துண்டு செருகிய தொட்டியை ஃபிரிட்ஜ் மேலே வையுங்கள், அந்த இளஞ்சூடு உதவும், ஆனால் வெளிச்சமும் எட்ட வேண்டும்.

கேள்வி (கோத்தகிரி): இலையிலிருந்து எடுத்தால் தாய்ச்செடி இலையில் இருக்கிற வெள்ளிப் பட்டை அப்படியே வருமா?

பதில்: வரும். அந்த வெள்ளி நிறம் சாயம் இல்லை, இலைத்தோலுக்கு அடியில் உள்ள காற்றிடைவெளியில் வெளிச்சம் பட்டுத் திரும்புவதால் தெரிவது, அந்த அமைப்பு குட்டிக்கும் போகும். கலப்பு ரகத்தில் விதை போட்டால்தான் ஒவ்வொன்றும் ஒரு விதமாக முளைக்கும்.

கேள்வி (கூடலூர்): செடியைப் பிரித்தே வைக்கலாமா?

பதில்: தாராளமாக. மண்ணோடு படர்ந்த தடித்த தண்டை, ஒவ்வொரு துண்டிலும் வேரும் குருத்து மொட்டும் இருக்கிற மாதிரி வெட்டி, வெட்டுவாய் காய்ந்த பிறகு நடுங்கள். உங்கள் ஊர்ச் சூட்டுக்குச் சீக்கிரம் பிடிக்கும், கொட்டும் மழைக்காலம் மட்டும் வேண்டாம்.

கேள்வி (குன்னூர்): குட்டிச்செடி இலையில் மாவு தூவின மாதிரி வெள்ளையாக இருக்கிறதே அக்கா?

பதில்: சாம்பல் நோய். அந்த இலையைக் கிள்ளித் தூரப் போடுங்கள், தொட்டிகளை இடைவெளி விட்டு வையுங்கள், காற்றோட்டம் இல்லாமல் நெருக்கி அடுக்கினால் திரும்பத் திரும்ப வரும். அப்படியும் பரவினால் நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கிற கந்தகத் தூள்) லிட்டருக்கு 2 கிராம், முதலில் ஒரே ஒரு இலையில் அடித்துப் பார்த்துவிட்டு.