ராம்ப் மட்டும் வச்சேன், படிக்கட்டு எங்கன்னு கேட்டுட்டாங்க

வணக்கம் மேடம். நான் எம்.ஆர்க், அதாவது ஆர்க்கிடெக்சர் மாஸ்டர்ஸ், கடைசி செமஸ்டர். பி.ஆர்க் அஞ்சு வருஷம், நடுவுல ஒன்றரை வருஷம் ஆபீஸ், இப்ப இது. இன்னும் எத்தனை வருஷம்தான் படிப்பன்னு வீட்ல கேக்குறத விடுங்க, அதுக்காக எழுதல. போன வாரம் தீசிஸ் ரிவ்யூ. மூணு வாரமா ஒழுங்கா தூங்கல, மாடலுக்கு போர்டு வெட்டி வெட்டி விரல் பூரா பிளாஸ்டர், ஜூரி பாத்தது மொத்தமே பத்து நிமிஷம். என்னோடது ஒரு பொது நூலகம், உள்ள முழுக்க ராம்ப்தான், சரிவுப் பாதை, படிக்கட்டே கிடையாது, புக் பாத்துக்கிட்டே அப்படியே மேல நடந்து போய்டலாம், அதான் கான்செப்ட். ஒருத்தர் எந்திரிச்சு வந்து, "மாடி உயரம் 4.2 மீட்டர், 12க்கு 1 சரிவுன்னா 50 மீட்டர் ராம்ப் வேணும், நடுவுல லேண்டிங் வேற, மாடிக்கு மாடி இப்படின்னா புக்க எங்கம்மா வைப்ப, தீ புடிச்சா எந்தப் படி வழியா எறங்குவாங்க"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. நான் நியூயார்க் குகன்ஹைம் மியூசியத்த சொன்னேன், அதுவும் ராம்ப்தான். ஃபிராங்க் லாயிட் ரைட் பண்ணா ஆஹா, நான் பண்ணா சிரிப்பு. கைடு பக்கத்துலயேதான் உக்காந்திருந்தார், வாயே திறக்கல மேடம்.

எனக்கு அடுத்து வந்த பையன் பளபளன்னு ரெண்டர், கம்ப்யூட்டர்ல பண்ண கட்டடப் படம், போட்டு வச்சிருந்தான், அவனுக்கு "குட்". அவனுக்காக கைடு ரெண்டு வார்த்தை பேசினார், எனக்கு ஒண்ணுமில்ல. வாரா வாரம் இதே கதைதான், ஷீட்ட பாப்பார், "செக்‌ஷன் கொண்டு வா"ம்பார் (கட்டடத்த நெடுக்க வெட்டுனா உள்ள எப்படி இருக்கும்னு காட்டுற டிராயிங்), முடிஞ்சுது. எனக்கு செக்‌ஷன்னாலே இப்பல்லாம் கை ஓடல, ஆபீஸ்ல இருந்தப்ப ஒரு வீட்டுக்கு படிக்கட்டு டிராயிங் குடுத்தேன், கான்கிரீட் மேல வர்ற ஃபினிஷ் தரைக்கு 75 மில்லி, படிக்கு 25தான்ங்கறத கணக்குல எடுக்காம எல்லாப் படியும் 150 உயரம்னு போட்டுட்டேன், கடைசியில முதல் படி 100 மேல்படி 200ன்னு வந்துடுச்சு, மேஸ்திரிதான் கண்டுபுடிச்சார், உடைச்சுக் கட்டினாங்க, சார் ஒரு வார்த்தை திட்டல அவரே உக்காந்து திருப்பி வரைஞ்சார், அடுத்த மாசம் நான் ரிசைன் பண்ணிட்டு இங்க அப்ளை பண்ணினேன், எப்படியும் மாஸ்டர்ஸ் பண்றதாதான் இருந்தேன், அது பழைய கதை. இந்த கைடு ஏன் எனக்காக பேச மாட்டேங்கறார்? படிப்ப விட்டுடலாமான்னு கூட இருக்கு. அவர எப்படி டீல் பண்றதுன்னு மட்டும் சொல்லுங்க.

*

வாம்மா. கைட அப்புறம் பாப்போம். "பழைய கதை"ன்னு ஒரே மூச்சுல சொல்லி கடந்துட்ட பாரு, நான் அங்கயே நின்னுட்டேன். மில்லிமீட்டர் உட்பட எல்லாம் ஞாபகம் வச்சிருக்க. பழைய கதை அப்படி ஞாபகம் இருக்காது.

படிக்கட்டுல தப்பு பண்ண பொண்ணு, ரெண்டு வருஷப் படிப்புக்கு படிக்கட்டே இல்லாத ஒரு கட்டடத்த வரைஞ்சிருக்க. இத நீ கவனிச்சியா? எனக்கு ஆர்க்கிடெக்சர் தெரியாது, உன் கான்செப்ட் நல்லதாவே கூட இருக்கலாம். ஆனா தீ புடிச்சா எப்படி எறங்குறதுன்னு கேட்டவர் பக்கம்தான் நான். சிரிச்சது தப்பு, கேள்வி தப்பில்ல. நீ சொன்ன குகன்ஹைம் 1959ல திறந்தது, அதுலயும் படிக்கட்டு உண்டும்மா. லிஃப்ட்ல மேல போய்ட்டு ராம்ப்ல நடந்து எறங்கி வரணும்ங்கறதுதான் ரைட்டோட யோசனை. நீ அதுல பாதிய மட்டும் எடுத்துக்கிட்ட.

இப்ப கைடு. "பேசல"ன்னு திரும்பத் திரும்ப சொல்ற. அந்த ஆபீஸ் சாரும் பேசலதான். அவர் நல்லா திட்டியிருந்தா நீ ரெண்டு நாள் அழுதுட்டு அதே சீட்ல உக்காந்திருப்ப. அவர் பேசாம பென்சில எடுத்துட்டார், "நீ லாயக்கில்ல"ன்னு நீயா படிச்சுக்கிட்ட. அதுக்கப்புறம் யார் அமைதியா இருந்தாலும் உனக்கு அதே வாக்கியம்தான் கேக்குது போல. ஆனா இந்த மனுஷன் சும்மா இல்லயே, வாரா வாரம் "செக்‌ஷன் கொண்டு வா"ங்கறார். நீ ஒரு தடவையாவது கொண்டு போனியா? லெட்டர்ல அத காணோம். கொண்டு போகாத டிராயிங்குக்கு அவர் ஜூரி முன்னாடி என்னன்னு பேசுவார்? பளபள ரெண்டர் பையன் மேல உள்ள கோவத்தையும் ஓரமா வை, அவன் செக்‌ஷன் கொண்டு போயிருப்பானோ என்னவோ.

ஒண்ணு ஒத்துக்கறேன், அன்னைக்கு அந்த சார் உன்ன பக்கத்துல உக்கார வச்சு வரைஞ்சிருக்கணும். அது அவர் தப்பு. அத கேக்காம ஓடி வந்தது உன் தப்பு, இப்பவும் ஓடப் பாக்குற.

உன் நூலகத்துக்கு ஒரு தீ வெளியேறும் படிக்கட்டு வை. அத மட்டும் கையால, 20ல 1 ஸ்கேல்ல செக்‌ஷன் வரை, தரை ஃபினிஷ் 75, படி ஃபினிஷ் 25 எல்லாம் போட்டு. கைடுகிட்ட குடுக்கும்போது அந்த மேஸ்திரி கதையையும் சொல்லு, சொல்லும்போது தொண்டை அடைச்சா அடைக்கட்டும். படிப்ப விடறதா வேணாமான்னு அதுக்கப்புறம் எனக்கு எழுது.