ஆட்டம் எகோயனின் படங்களை எங்கிருந்து தொடங்குவது?

‘அராரத்’ பார்த்துக் குழம்பிப்போனதாகவும், அதன் இயக்குநரான கனடாவின் ஆட்டம் எகோயனின் ஆர்மேனிய வேர்களை அறிய வேறு எதைப் பார்க்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதலில் ‘ஃபேமிலி வியூயிங்’ (1987), அடுத்து ‘காலண்டர்’ (1993), அதன்பின் மீண்டும் ‘அராரத்’ (2002) என்பதே நான் சொல்லும் வரிசை.

எகோயன் 1960-இல் கெய்ரோவில் ஆர்மேனியப் பெற்றோருக்குப் பிறந்தவர். எகிப்தின் முதல் அணு உலையை முன்னிட்டே அவருக்கு ஆட்டம் என்று பெயரிட்டார்கள். தமிழில் எழுதினால் விளையாட்டாகிவிடுகிறது, உண்மையில் அது அணு. அவர் சிறு குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் கனடாவின் மேற்குக் கரையிலுள்ள விக்டோரியாவில் குடியேறி, மரச்சாமான் கடை நடத்தியது. பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் மற்றப் பிள்ளைகளோடு ஒன்றிப்போவதற்காக ஆர்மேனிய மொழியைப் பேச மறுத்த அவர், பிறகு டொராண்டோவில் படித்த காலத்தில்தான் அந்த மொழியையும் வரலாற்றையும் தேடிப் போனார். கைவிட்டதைத் தேடிப்போகும் இந்தச் சங்கடம்தான் அவருடைய படங்களின் அடிநாதம் என்பது என் கருத்து.

‘அராரத்’ பேசும் ஆர்மேனிய இன அழிப்பை, அதாவது 1915 முதல் ஓட்டோமான் பேரரசில் ஆர்மேனியர்கள் கொன்றொழிக்கப்பட்டதை, ‘ஃபேமிலி வியூயிங்’ நேரடியாகப் பேசுவதில்லை. அதில் ஒரு தகப்பன், ஆர்மேனிய மனைவியும் மகனும் இருக்கும் பழைய வீட்டு வீடியோ நாடாக்களின்மீதே தன் படுக்கையறைக் காட்சிகளைப் பதிவுசெய்துவருகிறான். மகன் குழந்தையாகத் தாய்மொழியில் பேசிய நிமிடங்கள் ஒவ்வொன்றாக அழிந்துகொண்டிருக்கின்றன. அந்த மகனின் பெயர் வான். 1915-இல் ஆர்மேனியர்கள் முற்றுகையை எதிர்த்துப் போரிட்ட நகரத்தின் பெயரும் அதுவே. இரண்டாம் முறை பார்த்தபோதுதான் இது எனக்கு உறைத்தது.

‘காலண்டர்’ படத்தில் எகோயனே புகைப்படக் கலைஞராக நடித்திருக்கிறார். மனைவியாக வருபவர் அவருடைய வாழ்க்கைத் துணைவியும், அவரது பெரும்பாலான படங்களில் நடித்தவருமான அர்சினே கான்ஜியான். நாள்காட்டி ஒன்றுக்காக ஆர்மேனியாவின் 12 தேவாலயங்களைப் படமெடுக்க வந்தவர், கேமராவை விட்டு நகர்வதே இல்லை. உள்ளூர் வழிகாட்டி ஒவ்வொரு கோயிலின் கதையையும் ஆர்மேனியத்தில் சொல்ல, மனைவி மொழிபெயர்க்கிறாள். அருகில் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லையா என்ற கேள்விக்கு அவரிடம் எரிச்சல்தான் பதிலாக வருகிறது. நம் கண்ணெதிரிலேயே, அசையாத அந்தச் சட்டகத்துக்குள், மனைவியும் வழிகாட்டியும் மெல்ல மெல்லத் தொலைவுக்கு நடந்துபோகிறார்கள். மொழி தெரிந்தவளுக்கு ஊர் திறந்துகொள்கிறது. தெரியாதவருக்கு அழகான 12 படங்கள் மிஞ்சுகின்றன.

அவருக்கு உலகப் புகழைத் தந்தவை ‘எக்ஸோட்டிகா’வும் (1994), பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் கிராண்ட் பிரி விருது பெற்ற ‘தி ஸ்வீட் ஹியர்ஆஃப்ட’ரும் (1997)தான். பிந்தையது, பள்ளிப் பேருந்து விபத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு சிற்றூரைப் பற்றியது. அதில் ஆர்மேனியர் என்ற பேச்சே இல்லை; ஆனால் பேரிழப்புக்குப்பின் யார் சொல்லும் கதை உண்மையாக நிலைக்கும் என்ற கேள்வி அங்கேயும் தொடர்கிறது.

இத்தனைக்கும் பிறகு ‘அராரத்’ வேறு படமாகத் தெரியும். படத்துக்குள் படம், சுங்க அதிகாரியின் விசாரணை, குடும்பச் சண்டை என்று அளவுக்கு மீறித் திணித்திருக்கிறார் என்ற குறையை நானும் மறுக்கவில்லை. ஆனால் இன அழிப்பில் உயிர்தப்பி அமெரிக்கா போன ஆர்மேனிய ஓவியர் அர்ஷீல் கோர்க்கி வரும் பகுதிகளை மட்டும் நிதானமாகப் பாருங்கள். 1912-இல் எடுத்த ஒரு புகைப்படத்தை வைத்து, பின்னர் பட்டினியால் இறந்துபோன தன் தாயை அவர் வரைகிறார். முகம் முழுமையாக வந்துவிடுகிறது. தாயின் கைகளை மட்டும், வண்ணம் படிந்த தன் வெறுங்கைகளாலேயே தேய்த்து அழித்துவிடுகிறார். முதல் படத்தின் தகப்பன் அழித்ததையும் இந்த மகன் அழிப்பதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கத்தான் இந்த வரிசையைச் சொன்னேன்.