சட்டம் சமத்துவம் தந்த பிறகு சகோதரத்துவம் எதற்கு?

"சட்டத்தின்முன் எல்லோரும் சமம் என்று அரசமைப்பே சொல்லிவிட்டது. பிறகு அதன் முகப்புரையில் சகோதரத்துவம் என்ற சொல் எதற்கு, அழகுக்காகவா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அழகுக்காக இல்லை. அரசமைப்பின் இலக்குகளை வகுத்து 1946 டிசம்பரில் நேரு முன்மொழிந்த குறிக்கோள் தீர்மானத்தில் அந்தச் சொல்லே கிடையாது. 1948 பிப்ரவரியில் அம்பேத்கர் தலைமையிலான வரைவுக்குழுதான் அதைச் சேர்த்தது. சகோதர உணர்வு இந்தியாவுக்கு இன்றுபோல் என்றும் தேவைப்பட்டதில்லை என்று காரணமும் சொன்னது. பிரிவினையின் ரத்தம் காயாத நேரம் அது. காந்தி கொல்லப்பட்டு ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

நான் ஆசிரியர். ஒரு தேர்தலில், கிராமத்துப் பள்ளி ஒன்றில், வாக்காளர் விரலில் மை வைக்கும் பணி எனக்கு. எழுபது வயது மதிக்கத்தக்க பெரியவர் ஒருவர் வந்தார். அவருக்கு முன்னால் நின்றவர் ஊரின் பெரிய நிலக்காரர். இருவருக்கும் அதே மை, அதே இயந்திரம். மனம் நிறைந்துபோனது. சற்று நேரத்தில் ஜன்னல் வழியே பார்த்தேன். பள்ளி வாசலைத் தாண்டியதும் பெரியவர் குனிந்து செருப்பைக் கழற்றினார். அதைக் கையில் இடுக்கிக்கொண்டு, கொதிக்கும் தெருவை வெறுங்காலோடு கடந்து, மறுமுனையில் கீழே போட்டு மாட்டிக்கொண்டார். யாரும் அவரை அதட்டவில்லை. யாரும் ஏவாத ஒன்றுக்கு யார்மேல் வழக்குப் போடுவது?

சட்டம் நின்றுவிடும் அந்த இடத்தைத்தான் அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று அரசமைப்பு அவையில் சுட்டிக்காட்டினார். அரசியலில் சமத்துவமும், சமூக, பொருளாதார வாழ்வில் ஏற்றத்தாழ்வுமாக, முரண்பாடுகள் நிறைந்த வாழ்க்கைக்குள் நுழையப்போகிறோம் என்றார். சகோதரத்துவம் இல்லாவிட்டால் சுதந்திரமும் சமத்துவமும் இயல்பாக நிலைக்காது, அவற்றைக் காப்பாற்ற ஒரு காவலர் தேவைப்படுவார் என்றும் சொன்னார்.

காவலரை வைத்தும் முடியாமல் போனதை மதுரை மாவட்டம் பார்த்தது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதும், 1996 முதல் பத்தாண்டுகள் அங்கே உருப்படியாகத் தேர்தல் நடக்கவில்லை. ஜெயிக்கவைக்கப்பட்டவர்கள் உடனே ராஜினாமா செய்தார்கள். மேலவளவில் நிலைமை இன்னும் கொடியது. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30 அன்று மேலும் ஐவரோடு வெட்டிக் கொல்லப்பட்டார். 2020-இல் கடலூர் மாவட்டத்தில் பட்டியலின ஊராட்சித் தலைவி ஒருவர் தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த புகைப்படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பதவியைச் சட்டம் கொடுத்துவிட்டது. பக்கத்தில் நாற்காலி போட மனம் வரவில்லை.

சகோதரத்துவம் என்றால் இரக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முகப்புரை அந்தச் சொல்லைத் தனிமனித மாண்போடு சேர்த்தே வைத்திருக்கிறது. இரங்குகிறவர் மேலே நின்றுகொண்டே இரங்கலாம். உடன்பிறந்தவராக மதிக்கிறவரால் அப்படி நிற்க முடியாது. சாதியைப் பேசாமலிருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதையும் நான் ஏற்கமாட்டேன். அந்தத் தெருவில் அன்று யாரும் எதுவும் பேசவில்லையே.

திண்ணைகளில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவராவது "செருப்பைப் போட்டுக்கொண்டே வாருங்கள் ஐயா" என்று சொல்லியிருக்கலாம். நானும் எழுந்துபோய்ச் சொல்லியிருக்கலாம். அடுத்தவர் விரலை நீட்டினார்; மை வைக்கக் குனிந்துவிட்டேன்.