காரல் மீனுக்கு ஒரு விருது

வணக்கம் அண்ணே,

தங்கச்சிமடத்தில் வலை பின்னும் கொட்டகையில் நாங்கள் பதினான்கு பேர். வருடா வருடம் கிறிஸ்துமஸ் முடிந்து புது வருடம் பிறப்பதற்குள் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து, அந்த வருடத்துப் படங்களில் சிறந்தவற்றை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் சிரிப்பாக ஒரு விருதுப் பெயர் வைத்து அட்டையில் எழுதி மாட்டுவோம். மூன்று தொல்லை தீரவே இல்லை. கடைசியாக வந்த படம்தான் எப்போதும் மேலே நிற்கிறது. பாதிப் பேர் பாதிப் படம் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதால் கணக்கு சண்டையில் முடிகிறது. விருதுப் பெயரை வாசித்தால் எழுதினவன் மட்டும் சிரிக்கிறான். 2025 பட்டியலை ஒழுங்காகப் போட வழி சொல்லுங்கள். உங்களுடைய முதல் ஐந்து படங்கள் எவை, ஏன் என்றும் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
தங்கச்சிமடம் வாசகர்

அன்புள்ள தம்பி,

மூன்றாவது தொல்லைதான் முக்கியம். ஆனால் முதல் இரண்டையும் சரிசெய்யாமல் அது சரியாகாது. ஒரு படம் நாலாவது இடத்தில் இருக்கிறது என்றால், ஏன் மூன்றாவது இல்லை, ஏன் ஐந்தாவது இல்லை என்பதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். அந்தப் பதிலுக்குள்தான் சிரிப்பு இருக்கிறது. வாய்க்கு வந்தபடி வரிசை போட்டுவிட்டு மேலே பெயரை மட்டும் சிரிப்பாக வைத்தால், அது பிடிமானம் இல்லாமல் தொங்கும். அதனால் முதலில் வரிசை.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். படம் பார்த்த அன்று ராத்திரியே நாலு விஷயம் எழுதிவிடுங்கள்: தேதி, எங்கே பார்த்தது, பத்துக்கு எத்தனை, மனதில் நிற்கும் ஒரே ஒரு காட்சி. முப்பது நாள் கழித்து அதே வரிக்குப் பக்கத்தில் மறுபடியும் மதிப்பெண் போடுங்கள். பட்டியலுக்கு எடுக்க வேண்டியது இரண்டாவது எண்ணைத்தான். முதல் எண்ணில் கூட்டத்தின் கைதட்டலும், ராமநாதபுரம் வரை போய் வந்த பஸ் காசும் கலந்திருக்கும். காசும் நேரமும் செலவழித்துப் பார்த்த படத்தை மட்டம் என்று சொல்ல அன்றைக்கு மனசு வராது. ஒரு மாதத்தில் அதெல்லாம் வடிந்துவிடும்.

டிசம்பர் கடைசியில் வந்த படத்துக்கு இரண்டாவது எண்ணே இருக்காது. அதை அந்த வருடக் கணக்கில் சேர்க்காமல் அடுத்த வருட நோட்டின் முதல் பக்கத்துக்குத் தள்ளுங்கள். உங்கள் முதல் தொல்லை இதிலேயே பெரும்பாலும் தீரும். குடும்பஸ்தன் 2025 ஜனவரி 24-ஆம் தேதி வந்தது. நோட்டு இல்லாத கூட்டத்தில் டிசம்பர் மாதம் அந்தப் பெயரை யாராவது எடுத்துக்கொடுத்தால்தான் உண்டு.

நம் கரைக்கென்றே இன்னொரு சாய்வும் இருக்கிறது, அதையும் கணக்கில் எடுங்கள். விசைப்படகு திங்கள், புதன், சனி போகிறது. வெள்ளிக்கிழமை படம் வருகிறது. ஐஸ், டீசல், கடலுக்குப் போக டோக்கன் என்று ஓடிக்கொண்டிருக்கும் ஆளுக்கு வெள்ளி ராத்திரிக் காட்சி கனவுதான். அவர் ஞாயிறு கரை திரும்பிய பிறகோ செவ்வாய்க்கிழமையோ பார்ப்பார். அதற்குள் பாதிக் கதை காதில் விழுந்திருக்கும். முடிச்சை நம்பி எடுத்த படத்துக்கு அவர் போடும் எண் குறைவாகத்தான் இருக்கும், அது படத்தின் குற்றமில்லை. நாட்டுப்படகுக்காரருக்கு நாள் வேறு, சாய்வும் வேறு.

மீன்பிடித் தடைக்காலத்தில் இது தலைகீழாகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. டூரிஸ்ட் ஃபேமிலி மே 1-ஆம் தேதி வந்தது, அதே நாளில் ரெட்ரோவும் வந்தது. டூரிஸ்ட் ஃபேமிலி ஜூன் தொடக்கத்திலேயே ஓடிடிக்கும் வந்துவிட்டது. தியேட்டரில் தவறவிட்டவர்களும் படகு இறங்குவதற்கு முன் வீட்டிலேயே பார்த்திருப்பார்கள். அக்டோபருக்குப் பிறகு வரும் படத்துக்கு இந்த வாய்ப்பு இல்லை. ஆகவே பார்த்தவர் எண்ணிக்கையை வைத்து ஒரு படத்தை ஏற்றவோ இறக்கவோ கூடாது.

இனி கணக்கு. ஆளுக்கு ஐந்து படம் எழுதி, முதலாவதுக்கு 5, கடைசிக்கு 1 என்று புள்ளி போட்டுக் கூட்டுவது பழக்கத்தில் உள்ள முறை. பதினெட்டாம் நூற்றாண்டில் போர்தா என்ற பிரெஞ்சுக்காரர் கணக்கு போட்டுச் சொன்னது. அவர் கணித அறிஞர், கடற்படை ஆளும்கூட. ஆனால் எல்லோரும் எல்லாப் படத்தையும் பார்த்திருந்தால்தான் அந்த முறை நியாயமாக இருக்கும். பதினான்கு பேரில் பன்னிரண்டு பேர் பார்த்த சுமாரான படம், நாலு பேர் பார்த்த நல்ல படத்தைப் புள்ளியில் அமுக்கிவிடும். சராசரி எடுத்தாலோ, இரண்டே இரண்டு பேர் பார்த்து ஆளுக்குப் பத்து போட்ட படம் முதலிடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

உங்கள் கொட்டகைக்கு இப்படிச் செய்யுங்கள். ஏழு பேருக்கும் குறைவானவர்கள் பார்த்த படங்களைத் தனித்தாளில் எழுதி வையுங்கள், அவை வரிசையில் இல்லை. எல்லோரும் பார்த்த ஒரு படத்தை எடுத்து, ‘இது ஐந்து’ என்று முதலிலேயே ஒத்துக்கொள்ளுங்கள். சிலர் எதற்கும் ஏழுக்குக் கீழே இறங்க மாட்டார்கள், சிலர் ஆறுக்கு மேல் ஏற மாட்டார்கள். பொதுவான ஒரு ஐந்து இருந்தால் மற்ற எண்கள் தன்னால் அதைச் சுற்றி வந்து நிற்கும். பிறகு நோட்டைப் பார்த்து, அந்த ஐந்துக்கு ஏற்பத் திருத்திய எண்ணைச் சீட்டில் எழுதிப் போடச் சொல்லுங்கள். வாயால் சொல்லச் சொன்னால் முதலில் பேசுகிறவர் பின்னால் மற்றவர்கள் போவார்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் வந்த சீட்டுகளில் மிகப் பெரிய எண் ஒன்றையும் மிகச் சிறிய எண் ஒன்றையும் எடுத்துவிட்டு மீதிக்குச் சராசரி பாருங்கள். ஒன்பது சீட்டில் 7, 7, 6, 7, 8, 7, 6, 7, 0 என்று வந்திருக்கிறது என்று வையுங்கள். அந்த ஒற்றை 0, நடிகரைப் பிடிக்காதவர் போட்டது. அப்படியே சராசரி எடுத்தால் 6.1. எட்டையும் பூஜ்யத்தையும் நீக்கினால் 6.7. பட்டியலில் இரண்டு மூன்று இடங்களைப் புரட்டிப்போட இந்த அரைப் புள்ளி போதும். தீவிர ரசிகர் போடும் பத்துக்கும் இதே வைத்தியம்தான்.

அரைப் புள்ளிக்குள் நெருங்கி நிற்கும் படங்களை நேருக்கு நேர் விடுங்கள். இரண்டையும் பார்த்தவர்கள் மட்டும் சீட்டு போட வேண்டும், மற்றவர்கள் டீ குடிக்கட்டும். சில நேரம் முதல் படம் இரண்டாவதை வெல்லும், இரண்டாவது மூன்றாவதை வெல்லும், மூன்றாவது திரும்பி முதலாவதை வெல்லும். யாரோ கள்ளச்சீட்டு போட்டுவிட்டதாகச் சண்டை கிளம்புவது இங்கேதான். கள்ளம் எதுவும் இல்லை. பலருடைய விருப்பத்தைச் சேர்த்தால் இப்படிச் சுற்றிக்கொள்ளும் என்று கோந்தோர்சே என்ற இன்னொரு பிரெஞ்சு அறிஞர் 1785-லேயே எழுதிவிட்டார். மூன்றுக்கும் ஒரே இடத்தைக் கொடுங்கள். மூன்றும் இரண்டாம் இடம் என்றால் அடுத்த படத்துக்கு ஐந்தாம் இடம்.

இன்னும் ஒன்று. ஓடுகிற படகில் இன்ஜின் சத்தத்துக்கு நடுவே போனில் பார்த்த படத்துக்கு இசையைப் பற்றியோ ஒளிப்பதிவைப் பற்றியோ பேசக்கூடாது. கதைக்கும் நடிப்புக்கும் மட்டும் எண் போடலாம்.

விருதுப் பெயருக்கு வருவோம். சென்னையில் விழா நடத்துகிறவர்களின் விருதுப் பெயர்களைக் கொஞ்சம் மாற்றி எழுதினால் யாருக்கும் சிரிப்பு வராது. உங்களிடம் ஏலக்கூடமே இருக்கிறது. கூறு போட்ட மீனைப் பார்த்ததும் தரம் சொல்கிற கண் உங்கள் பதினான்கு பேருக்கும் உண்டு. அதைக் கொண்டுவாருங்கள். முதல் நாள் போட்ட எண்ணைவிட முப்பதாம் நாள் எண் இரண்டு புள்ளியாவது ஏறியிருந்தால் கருவாடு விருது: காய்ந்த பிறகுதான் வாசம் தெரு முனை வரை போகிறது. டிரெய்லரில் கண்ணாடி போல் அழகாக மிதந்து, கிட்டப் போனதும் உடம்பெல்லாம் அரித்த படத்துக்குச் சொறி விருது, சொறி என்றால் நம் கரையில் ஜெல்லிமீன். திரைக்கதை மாட்டிக்கொள்ளும் நேரமெல்லாம் வெடியும் புகையும் கிளப்பி அதற்குள் நழுவும் படத்துக்குக் கணவாய் விருது, ஏனென்றால் கணவாய் மையைக் கக்குவது தப்பிக்கத்தான். எனக்கு மிகவும் பிடித்தது காரல் விருது. விலை குறைவு, உருவம் சிறிது, முள் ஏகப்பட்டது, ஆனால் சாறு வைத்தால் சீலா மீன் பக்கத்தில் நிற்க முடியாது. சிறு முதலீட்டில் எடுத்த நல்ல படத்துக்கு இதைவிட மரியாதையான பெயர் எனக்குத் தெரியவில்லை. இதைக் கடைசி விருதாக அறிவியுங்கள்.

பெயருக்குக் கீழே காரணம் ஒரே வரி, பன்னிரண்டு சொல்லுக்குள். இங்கேதான் எழுதினவன் மட்டும் சிரிக்கும் நோய் பிடிக்கிறது. ‘பறந்து போ: செம காமெடி, வயிறு வலித்தது’ என்று எழுதினால் அது சிரித்த செய்தி, சிரிப்பு இல்லை. படத்தில் நடப்பதை மட்டும் பாருங்கள். அப்பாவும் சின்னப் பையனும் பைக்கில் கிளம்புகிறார்கள். எங்கே போவது, எப்போது திரும்புவது என்பது பையன் பிடிவாதத்தில் இருக்கிறது. அப்படியானால் வரி இதுதான்: ‘பைக்கை அப்பா ஓட்டினார், அப்பாவைப் பையன் ஓட்டினான்.’ ஒரு சொல்கூட மிகையில்லை, படத்தில் நடந்ததைத்தான் சொல்கிறது. படம் பார்க்காத ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவருக்கும் சிரிப்பு வந்தால் வரி நிற்கும். அவர் ‘ஏன்?’ என்று கேட்டால் கிழித்துப் போடுங்கள்.

நடிகரின் நிறம், உடம்பு, நடிகையின் வயது, சாதி இவற்றில் கை வைக்காதீர்கள். டூரிஸ்ட் ஃபேமிலியின் இலங்கைத் தமிழைப் பற்றியும் கேலி வேண்டாம். மண்டபம் அகதிகள் முகாம் பக்கத்தில் இருக்கிறது, அந்தப் பேச்சு நம் தெருவில் பலருக்கு வீட்டுப் பேச்சு.

என்னுடைய வரிசை இதோ.

முதலிடம் டூரிஸ்ட் ஃபேமிலி. ராமேஸ்வரம் கரையில் படகு இறங்கும் குடும்பம், பிடித்த போலீஸ்காரரே மனமிரங்கி விட்டுவிடுவதில் கதை தொடங்குகிறது. நம் ஊர் மணல் தெரிகிறது என்பதற்காக ஒரு புள்ளி கூட்டத் தோன்றும், கூட்டாதீர்கள். அந்தப் புள்ளியைக் கழித்தும் அது முதலிடத்தில்தான் நிற்கிறது. வரி: ‘பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரிய, கடல் தாண்டி ஆள் வரவேண்டியிருந்தது.’

இரண்டாவது பறந்து போ. இயக்குநர் ராம் படம் என்றால் கைக்குட்டையோடு போகிறவர்களைச் சிரிக்க வைத்து அனுப்பியது. அதைவிடப் பெரிய காரணம், பிள்ளையின் பிடிவாதத்தை அது குற்றமாகப் பார்க்கவில்லை. முதலிடம் தராததற்குக் காரணம் நடுவில் பாட்டுகள் கொஞ்சம் அதிகம்.

மூன்றாவது பைசன் காளமாடன். இதற்குச் சிரிப்பு வரி கிடையாது. தென்மாவட்டச் சாதி வன்முறைக்கு நடுவே கபடி ஆட ஒருவன் படும் பாட்டைச் சொல்கிற படம். அட்டையில் பெயரையும் இடத்தையும் மட்டும் எழுதி, வரிக்கான இடத்தை வெற்றாக விடுங்கள். எல்லா வரிக்கும் சிரித்துக்கொண்டு வந்தவர் அங்கே நின்று பார்ப்பார்.

நாலாவது குடும்பஸ்தன், வேலை போனதை வீட்டில் மறைத்துக் கடன் மேல் கடன் வாங்கும் கதை. வரி: ‘வேலை போன பிறகுதான் ஓய்வில்லாத வேலை.’ மணிகண்டன் முகத்தில் ஓடும் வட்டிக் கணக்குக்கே இதை மேலே ஏற்றலாம், இரண்டாம் பாதி அதே சுழியில் திரும்பத் திரும்பச் சுற்றுவதால் ஏற்றவில்லை.

ஐந்தாவது 3 பிஹெச்கே. பறந்து போவும் இதுவும் ஒரே நாளில், ஜூலை 4-ஆம் தேதி வந்தவை. இரண்டையும் பார்த்தவர்களை மட்டும் வைத்து நேருக்கு நேர் விடுவதற்கு நல்ல ஜோடி. வரி: ‘கதாநாயகன் வீடு, வில்லன் விலை, சரத்குமாரும் சித்தார்த்தும் துணை நடிகர்கள்.’

ஏழு பேர் பார்க்காத படங்களின் தனித்தாள் இருக்கிறதல்லவா, அதை அட்டைக்குப் பின்பக்கம் ஒட்டிவையுங்கள். ஏப்ரல் 15 படகு நின்றதும் அந்தத் தாளில் உள்ளவற்றை முதலில் பாருங்கள். ஜூன் 14-க்குள் ஏழு பேர் தேறிய படத்துக்கு மறுபடி சீட்டு போட்டு, வரும் இடத்தில் செருகுங்கள். அதற்கு இடம் வேண்டும் என்பதால் அட்டையை எழுதும்போதே ஒவ்வொரு இரண்டு படத்துக்கும் நடுவில் ஒரு விரல் அகலம் விட்டு எழுதுங்கள், மார்க்கரால் வேண்டாம், பென்சிலால்.

அன்புடன்,
அண்ணன்